திறப்பவர் கண்ணால் பார்க்கட்டும்

(தேசியப் பாதுகாப்பு வாரத்தையொட்டி, ஆலைப் பராமரிப்புத் தொழிலாளர்களும் மேற்பார்வையாளர்களும் பொறியியல் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் டீர் பார்க் என்றோர் ஊர். அங்கே பெமெக்ஸ் நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. 2024 அக்டோபர் 10ஆம் தேதி, காண்ட்ராக்ட் தொழிலாளர்கள் சிலர் அங்கே பராமரிப்பு வேலையில் இருந்தார்கள். ஒரு ஃபிளாஞ்சைக் கழற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. அவர்கள் கழற்றியது பக்கத்தில் இருந்த வேறொரு ஃபிளாஞ்சை. அந்தக் குழாயில் ஹைட்ரஜன் சல்பைடு அழுத்தத்தோடு நின்றுகொண்டிருந்தது. 27,000 பவுண்டு, அதாவது 12 டன்னுக்கு மேல், வெளியேறியது. 2 பேர் இறந்தார்கள். சுற்றியிருந்த ஊர்க்காரர்களைக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள்.

இதைப் படித்தவுடன் நம்மில் பலர் சொல்லக்கூடிய முதல் வார்த்தை, "கவனமில்லாம தப்பான ஃபிளாஞ்சைக் கழட்டிட்டாங்க" என்பது. ஒரு பைப் ராக்கின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஒரே அளவு, ஒரே பெயின்ட், ஒரே எண்ணிக்கையில் போல்ட். எது காலியான லைன், எது வாயு நிற்கும் லைன் என்று இரும்பு தானாகச் சொல்லாது. யாராவது காட்டித் தர வேண்டும். காட்டித் தந்ததைத் திறப்பவர் தன் கண்ணால் சரிபார்க்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்: ஸ்பேனரைப் பிடிக்கும் கைக்குரியவர், அந்த லைன் துண்டிக்கப்பட்டிருக்கிறது, காலியாக இருக்கிறது என்பதற்கான ஆதாரத்தைத் தானே பார்க்கிற உரிமை உடையவராக இருக்க வேண்டும். பெர்மிட்டில் கையெழுத்து இருக்கிறது, சூப்பர்வைசர் சொல்லிவிட்டார் என்பதெல்லாம் போதாது.

ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போது நச்சு வாயு குழாய்க்குள்ளும் கலனுக்குள்ளும் இருக்கிறது. அதை உள்ளே வைத்திருப்பதற்காகத்தான் அத்தனை இரும்பும். பராமரிப்பு என்று வந்தால் அந்த இரும்பை நாமே திறக்கிறோம். பம்ப்பைக் கழற்றுகிறோம், கேஸ்கெட் மாற்றுகிறோம், ஃபில்டரைச் சுத்தம் செய்கிறோம், தொட்டிக்குள் ஆளை இறக்குகிறோம். வாயுவுக்கும் மனிதனுக்கும் நடுவே இருந்த சுவரை மனிதனே எடுத்துவிடுகிற நேரம் அது. அதனால்தான் ஷட்டவுன் வந்துவிட்டால் "இனிமேல் ஆபத்து குறைவு" என்று நினைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஷட்டவுனில் ஆள் கூட்டம் அதிகம். புது முகங்கள் அதிகம். இரவு பகலாக வேலை, தேதிக்குள் முடிக்க வேண்டும் என்ற நெருக்கடி. இத்தனையோடு லைன்களும் திறந்து கிடக்கின்றன.

நம் ஆலைகளில் ஒரு வாக்கியம் அடிக்கடி காதில் விழும்: "வால்வை மூடியாச்சு, பெர்மிட் போட்டாச்சு, கழட்டு." இந்த மூன்றில் முதலாவதை எடுத்துக்கொள்வோம். வால்வு மூடியிருந்தால் லைன் துண்டிக்கப்பட்டதாக ஆகுமா? ஆகாது. வால்வின் சீட் தேய்ந்திருக்கலாம். துரு, கசடு, வெல்டிங் துணுக்கு ஏதாவது நடுவில் சிக்கியிருக்கலாம். கைச்சக்கரம் இறுகிவிட்டது, கைக்கு முழுதாக மூடியதுபோலவே தெரிகிறது. உள்ளே நூலளவு இடைவெளி இருக்கிறது. தண்ணீர் லைனில் அந்த நூலளவு இடைவெளி சொட்டுச் சொட்டாகத் தரையை நனைக்கும். பாஸ்ஜீன், குளோரின், ஹைட்ரஜன் சல்பைடு லைனில் அது ஆளைக் கொல்லும். ஆபத்தான வாயு உள்ள லைனை வால்வை நம்பி மட்டும் திறக்கவே கூடாது. இரண்டு ஃபிளாஞ்சுகளுக்கு நடுவே கெட்டியான இரும்புத் தகடு, நீங்கள் பிளைண்டு என்று சொல்வது, செருகப்பட்டிருக்க வேண்டும். அல்லது குழாயில் ஒரு துண்டையே கழற்றி எடுத்துவிட்டு, வாயு வரும் முனையில் மூடித் தகடு போட்டிருக்க வேண்டும்.

பிளைண்டு விஷயத்தில் உலகத்துக்கே பாடமான ஊர் நம் நாட்டில்தான் இருக்கிறது. போபால் என்றால் 1984 டிசம்பர் இரவுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அதற்கு மூன்று ஆண்டு முந்தைய டிசம்பரை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. 1981 டிசம்பரில் அதே யூனியன் கார்பைடு ஆலையில், பராமரிப்பு வேலையின்போது ஃபிளாஞ்ச் ஒன்றைத் திறக்கையில் பாஸ்ஜீன் ஒரு தொழிலாளியின் மேல் தெறித்தது. பாஸ்ஜீனின் கொடுமை என்னவென்றால், அது உடனே வீழ்த்தாது. கொஞ்சம் இருமல், கண்ணெரிச்சல். பிறகு சரியாகிவிட்டதுபோலவே இருக்கும். சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அந்தத் தொழிலாளி பிழைக்கவில்லை. போபால் பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி அந்த மரணத்தின் தடத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஆலையைத் துருவத் தொடங்கினார். 1982இலேயே ஊரை எச்சரித்து எழுதினார்.

அதே 1982 மே மாதம் தாய் நிறுவனம் அமெரிக்காவிலிருந்து ஒரு பாதுகாப்புக் குழுவை அனுப்பியது. அந்தக் குழு குறித்துவைத்த குறைகளில் ஒன்றைக் கவனியுங்கள்: ஃபில்டர்களைச் சுத்தம் செய்யும்போது பிளைண்டு போடாமல் செய்கிறார்கள், வால்வு கசிந்தால் ஆட்களுக்குப் பெரும் ஆபத்து நேரலாம் என்பது. எழுதியாயிற்று, கோப்பிலும் சேர்த்தாயிற்று. இரண்டரை ஆண்டு கழித்து, 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு, குழாய்களைத் தண்ணீர் விட்டுக் கழுவும் வேலை நடந்தபோது பிளைண்டு போடப்படவில்லை என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். நச்சு வாயு கசிந்த தொட்டிக்குள் தண்ணீர் எப்படிப் போயிற்று என்பதற்குக் கம்பெனி வேறு கதை சொன்னது. வேண்டுமென்றே யாரோ செய்த நாசவேலை என்றது. அந்த வழக்காடலுக்குள் நான் இப்போது போகவில்லை. ஒரு பராமரிப்பு வேலையில் ஒரு தகட்டைப் போடாமல் விடும் பழக்கம் அந்த ஆலையில் இருந்தது என்பதும், அதை நிர்வாகம் முன்பே அறிந்திருந்தது என்பதும் எனக்குப் போதும்.

தகடு என்றால் எந்தத் தகடும் ஆகாது. ஸ்கிராப்பில் கிடந்த மெல்லிய தகட்டை வட்டமாக வெட்டிச் செருகி, பிளைண்டு போட்டாயிற்று என்று எழுதுவதை நான் கண்டிக்கிறேன். அந்த லைனின் அழுத்தத்தைத் தாங்கும் கனம் வேண்டும். இரண்டு பக்கமும் புது கேஸ்கெட் வேண்டும். தகட்டின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அதில் எண் பொறித்திருக்க வேண்டும். எந்த எண் எந்த ஃபிளாஞ்சில், போட்டவர் யார், எடுத்தவர் யார் என்று ஒரு பதிவேடு வேண்டும். இன்னொன்று, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: பிளைண்டு போடுவதற்கே ஒரு ஃபிளாஞ்சைத் திறந்தாக வேண்டும். பாதுகாப்புக்காகச் செய்யும் அந்த முதல் திறப்புதான் முழு வேலையிலும் மிக ஆபத்தான ஐந்து நிமிடம். அந்த நேரத்தில் காற்று சிலிண்டரோடு கூடிய சுவாசக் கருவி முகத்தில் இருக்க வேண்டும்.

அந்தத் திறப்பைச் சற்றே கிட்டத்தில் நின்று பார்ப்போம். நல்ல ஃபிட்டர் முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார். கொடி இருந்தால் கொடி, இல்லையென்றால் ஒரு துணிக் கிழிசல். காற்று தன் முதுகில் படும்படி நிற்பார். பிறகு டிரெயின் வால்வைத் திறப்பார். ஒன்றும் வரவில்லை. இங்கேதான் அனுபவம் பேசும். ஒன்றும் வராததற்குக் காரணம் இரண்டு இருக்கலாம்: லைன் காலியாக இருக்கிறது, அல்லது டிரெயின் அடைத்துக்கொண்டிருக்கிறது. நான் சிறுவயதில் வேலை கற்ற இடத்தில் மூத்த ஃபிட்டர் ஒருவர் இருந்தார். சுவாசக் கருவியை மாட்டிக்கொண்டு, டிரெயினுக்குள் கம்பி விட்டுக் குத்திப் பார்க்காமல் அவர் நம்பவே மாட்டார். "கேஜ் பூஜ்யம்தான் காட்டுதுண்ணே" என்று ஹெல்பர் சொன்னால், "கேஜுக்குக் கீழே இருக்கிற காக் திறந்திருக்கான்னு பாத்தியா?" என்று கேட்பார். அடைத்துப்போன கேஜும் பூஜ்யம்தான் காட்டும்.

அதற்குப் பிறகுதான் போல்ட். தனக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் போல்ட்டுகளை முதலில் தளர்த்துவார். தளர்த்துவார் என்றுதான் சொல்கிறேன், கழற்றி எடுக்க மாட்டார். தன் பக்கத்துப் போல்ட்டுகள் இறுக்கமாகவே இருக்கும். பிறகு ஆப்பு வைத்து மெல்ல விலக்குவார். உள்ளே ஏதாவது மிச்சம் இருந்தால் அது எதிர்ப்பக்கமாகச் சீறும்; அவர் முகத்தில் அடிக்காது. அப்போது திரும்ப இறுக்கிவிடவும் வழி இருக்கும். எல்லாப் போல்ட்டையும் எடுத்துவிட்டவருக்கு அந்த வழி இல்லை. நமது தொழிற்பயிற்சி நிலையங்களில் ஃபிட்டர் மாணவனுக்கு அரம் பிடிக்கவும் அளவெடுக்கவும் மாதக்கணக்கில் சொல்லித்தருகிறோம். இந்த வரிசையைச் சொல்லித்தர ஒரு பிற்பகல் போதும்.

இன்னொரு சம்பவத்துக்கு வருகிறேன். மீண்டும் டெக்சஸ்தான், ஒடெஸா என்ற ஊருக்கு அருகே, 2019 அக்டோபர் 26. அகார்ன் என்ற நிறுவனத்தின் சிறிய பம்ப் நிலையம். எண்ணெய்க் கிணறுகளிலிருந்து வரும் தண்ணீரைத் திரும்ப நிலத்துக்குள் செலுத்துகிற இடம். அந்தத் தண்ணீரில் ஹைட்ரஜன் சல்பைடு கரைந்திருந்தது. இரவில் ஒரு பம்ப்பில் ஆயில் அளவு பற்றிய அலாரம். தொழிலாளி ஒருவர் தனியாகப் போனார். பம்ப்பின் வால்வுகளை மூடித் தனிமைப்படுத்த முயன்றார். மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டவில்லை. பம்ப் தானாக ஓடத் தொடங்கிற்று. தண்ணீர் வெளியே பீறிட்டது. தண்ணீரிலிருந்து வாயு பிரிந்து பம்ப் அறையை நிறைத்தது. அவர் அங்கேயே விழுந்தார். அவரிடம் வாயு காட்டும் சிறு கருவி ஒன்று கொடுக்கப்பட்டிருந்தது. அது அவருடைய வண்டியில் இருந்தது. நிலையத்தின் அலாரமும் வேலை செய்யவில்லை.

வெகுநேரமாகியும் கணவர் வீடு திரும்பாததால் மனைவி தேடிக்கொண்டு வந்தார். இரண்டு குழந்தைகளையும் காரில் உட்காரவைத்துவிட்டு அறைப் பக்கம் போனார். அவரும் இறந்தார். குழந்தைகள் உயிரோடு மீட்கப்பட்டார்கள்.

அமெரிக்க வேதிப்பொருள் பாதுகாப்பு வாரியம் இதை ஆராய்ந்து எழுதிய காரணங்களில் எதுவும் புதிதல்ல. பூட்டுப் போடவில்லை, கருவி உடம்பில் இல்லை, அலாரம் பழுது, அறையில் காற்றோட்டம் போதவில்லை, யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்ற நிலை. தானியங்கிப் பம்ப்புகள் இன்று நம் ஊர்க் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் வந்துவிட்டன. வால்வை மூடுகிறவர் பிரேக்கரையும் இறக்கி, அதில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஸ்டார்ட் பட்டனை அமுக்கிப் பார்க்க வேண்டும், ஓடவில்லை என்று உறுதி செய்ய. இதற்கு வேண்டியது ஒரு பூட்டும் ஒரு சாவியும்.

இனி வாயுக்களைப் பற்றிக் கொஞ்சம். ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். அந்தப் பாடத்தில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே மூக்குக்குத் தெரியும். 100 பங்கை நெருங்கினால் சில நிமிடங்களில் மோப்ப சக்தியே செத்துவிடும். நாற்றம் போய்விட்டது, வாயு விலகிவிட்டது என்று ஆள் நினைக்கிறார். 500ஐத் தாண்டி 1,000ஐ நோக்கிப் போகும்போது ஓரிரு மூச்சிலேயே நிலைகுலைந்து விழுகிறார். நம் சட்டம் 8 மணி நேர வேலைக்கு அனுமதிக்கும் அளவு 10தான். ஆகவே மூக்கை ஒரு கருவியாக நம்பாதீர்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. குழியிலும் பள்ளத்திலும் தங்கும்.

இந்த வாயுவுக்கு எண்ணெய் ஆலைதான் வேண்டும் என்றில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறோம். அடுத்தடுத்த கட்டங்களில் அமிலம் வருகிறது. இரண்டு கழிவும் ஒரே தொட்டியில் சந்தித்தால் பிறப்பது ஹைட்ரஜன் சல்பைடு. அந்தத் தொட்டியில் சேறு மண்டிக் கிடக்கும்போது மேலே கருவியைக் காட்டினால் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். ஆள் இறங்கிச் சேற்றைக் கிளறுகிறார். அடங்கிக் கிடந்த வாயு குமிழ்களாக மேலே வருகிறது. இறங்குவதற்கு முன் ஒருமுறை எடுத்த கேஸ் டெஸ்ட் இறங்கிய பின் நடப்பதைச் சொல்லாது. கருவி ஆளின் மார்பிலேயே, மூச்சுக் காற்று இருக்கும் இடத்தில், வேலை முடியும்வரை இருக்க வேண்டும்.

கார்பன் மோனாக்சைடுக்கு நாற்றமே கிடையாது, நிறமும் கிடையாது. இரும்பாலையின் ஊதுலையிலிருந்து வரும் வாயுவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அது இருக்கும். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். 2014 ஜூன் 12இல் பிலாய் இரும்பாலையில் நடந்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு நீரேற்று நிலையம். தண்ணீர்க் குழாயில் அழுத்தம் குறைந்தபோது ஊதுலை வாயு அந்தத் தண்ணீர் வழியாகவே பின்னோக்கி வந்தது. 6 பேர் இறந்தார்கள். அதில் 2 பேர் துணைப் பொதுமேலாளர்கள். தண்ணீர் பம்ப் ரிப்பேருக்குப் போகிறவர் நச்சு வாயுவை எதிர்பார்த்தா போவார்? துண்டிக்க வேண்டிய லைன்களின் பட்டியலை எழுதும்போது தண்ணீர், நீராவி, காற்று, நைட்ரஜன் என எல்லா இணைப்பையும் எழுத வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நைட்ரஜன் என்றேன். அது நச்சே அல்ல, நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நாலு பங்கு அதுதான். கலனில் எரிவாயு மிச்சம் இருக்கக் கூடாது என்று நைட்ரஜன் ஊதிப் பர்ஜ் செய்கிறோம். பாதுகாப்புக்காகத்தான் செய்கிறோம். ஆனால் அந்தக் கலனுக்குள் ஆக்சிஜன் இல்லை. மூச்சு முட்டுகிறது என்ற உணர்வு நமக்கு வருவது ஆக்சிஜன் குறைவதால் அல்ல, கரியமில வாயு உடம்பில் சேர்வதால். நைட்ரஜனுக்குள் ஆள் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டேதான் இருக்கிறார். கரியமில வாயு வெளியே போய்க்கொண்டேதான் இருக்கிறது. ஆகவே முட்டல் இல்லை, பயம் இல்லை, விளக்கணைந்த மாதிரி நினைவு போய்விடுகிறது. அமெரிக்காவில் மட்டும் 1992 முதல் 2002 வரை நைட்ரஜனால் 80 பேர் இறந்ததாக அந்நாட்டின் வேதிப்பொருள் பாதுகாப்பு வாரியம் கணக்கெடுத்தது.

அதில் சேராத, பின்னால் நடந்த ஒன்று. 2005 நவம்பர் 5, டெலவேர் சிட்டி என்ற ஊரின் சுத்திகரிப்பு ஆலை. ஒரு ரியாக்டருக்குள் நைட்ரஜன் போய்க்கொண்டிருந்தது. அதன் மேல்வாயில் குழாயைத் திரும்பப் பொருத்த இரண்டு காண்ட்ராக்ட் தொழிலாளர்கள் வந்தார்கள். வாயிலிருந்து சில அடி கீழே, உள்ளே, ஒட்டும் டேப் சுருள் ஒன்று கிடந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு மூட முடியாது. ஒருவர் கம்பியை விட்டு அதை எடுக்கப் பார்த்தார். இறங்கினாரோ, தவறி விழுந்தாரோ, உள்ளே மயங்கிக் கிடந்தார். கூட இருந்தவர் ஏணியை உள்ளே விட்டு இறங்கினார். இருவரும் இறந்தார்கள்.

இப்போது நான் சொல்லப்போவதுதான் இந்த உரையில் எனக்கு மிக வேதனையான பகுதி. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம் 1986இல் வெளியிட்ட எச்சரிக்கை அறிக்கையின்படி, இப்படி அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 விழுக்காட்டுக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள். நம் ஊர்ச் செய்திகளையும் எடுத்துப் பாருங்கள். "மயங்கியவரைத் தூக்க இறங்கிய அண்ணன்", "மகனைக் காப்பாற்றக் குதித்த அப்பா" என்றுதான் வரும். அவர்களை அறிவில்லாதவர்கள் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். கூட வேலை செய்பவன் கண்ணெதிரே விழும்போது சும்மா நிற்க முடியாத நல்ல மனம் அது. அந்த நல்ல மனத்தை நம்பி ஓர் ஆலையின் மீட்புத் திட்டம் இருக்கக் கூடாது. இறங்கும் ஆளுக்கு முழு உடல் பெல்ட்டும் கயிறும் போட்டு, மேலே முக்காலியும் சுழற்றித் தூக்கும் கருவியும் வைத்திருந்தால், மேலே நிற்பவர் இறங்க வேண்டியதில்லை; சுழற்றினால் போதும். மேலே நிற்பவருக்கு வேறு வேலை தரவே கூடாது. டீ வாங்கி வா, அந்த ஸ்பேனரை எடுத்து வா என்று அனுப்பக் கூடாது. மாதம் ஒருமுறை மணல் மூட்டையை இறக்கித் தூக்கிப் பார்க்க வேண்டும். கருவி துருப்பிடித்திருப்பது ஆள் உள்ளே இருக்கும்போது தெரியவரக் கூடாது.

மாஸ்க் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அது கடைசி அரண்தான். ஆனாலும் ஒன்று. தூசு மாஸ்க் எந்த வாயுவையும் தடுக்காது, ஈரத் துண்டும் தடுக்காது. டப்பி வைத்த வடிகட்டி மாஸ்க் குறிப்பிட்ட வாயுவுக்கு மட்டும், குறைந்த அளவுக்கு மட்டும் உதவும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் அது வெறும் அலங்காரம். முழுமையாக நம்பத்தக்கது வெளியிலிருந்து காற்று தரும் கருவி. தாடி இருந்தால் அதுவும் முகத்தில் சரியாகப் படியாது.

கேஸ் டெஸ்ட் எடுப்பவர்களுக்கு இரண்டு சொல். முதலில் ஆக்சிஜன், பிறகு எரியும் வாயு, பிறகு நச்சு வாயு என்ற வரிசையை மாற்றாதீர்கள். எரியும் வாயுவை அளக்கும் சென்சார் பல கருவிகளில் ஆக்சிஜன் போதாவிட்டால் பொய் சொல்லும். மேலே, நடுவே, அடியிலே என்று மூன்று மட்டத்திலும் எடுங்கள். நீளக் குழாய் விட்டு உறிஞ்சினால் அடியிலிருக்கும் காற்று கருவிக்கு வந்துசேர நேரம் பிடிக்கும்; அதுவரை பொறுங்கள். ஒவ்வொரு நாளும் வேலைக்கு முன் மாதிரி வாயுவைக் காட்டி அலாரம் அடிக்கிறதா என்று சோதியுங்கள். அடிக்கும் அலாரத்தை "தொந்தரவு" என்று அணைக்கிறவரை வேலையிலிருந்து நிறுத்துங்கள்.

சட்டம் என்ன சொல்லிவந்தது? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவைத் தொழிலாளர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். ஆபத்தான வாயு இருக்கக்கூடிய கலன், தொட்டி, குழி, குழாய் எதிலும், வெளியேறப் போதுமான வாயில் இல்லாமல் எவரையும் நுழையச் சொல்லவும் கூடாது, நுழைய விடவும் கூடாது. அந்த இடம் வாயு இல்லாதது என்று, தகுதியுள்ளவர் தானே சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லையென்றால், இறங்குபவர் சுவாசக் கருவியும் பெல்ட்டும் அணிந்து, பெல்ட்டோடு கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே நிற்பவர் பிடித்திருக்க வேண்டும். இவற்றின் சாரம் சுதந்திரம் வந்த மறு ஆண்டே எழுதப்பட்டது. போபாலுக்குப் பிறகு 1987 திருத்தத்தில் 41எச் பிரிவு வந்தது: உயிருக்கு உடனடி ஆபத்து என்று தொழிலாளி நியாயமாகக் கருதினால் அதை நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுவர உரிமை உண்டு, நிர்வாகம் உடனே நடவடிக்கை எடுத்தாக வேண்டும். 2020இல் நாடாளுமன்றம் பழைய தொழிலாளர் சட்டங்களைப் புதிய தொகுப்புகளாக்கியது; 2025 நவம்பரில் அவை நடைமுறைக்கு வந்தன. பெயரும் எண்ணும் மாறிவிட்டன. கயிற்றின் மறுமுனையில் ஆள் இருக்க வேண்டும் என்பது மாறவே கூடாது.

பாதாளச் சாக்கடையில் இறப்பவர்களைப் பற்றி இங்கே விரிவாகப் பேச நேரமில்லை. அதற்குத் தனிக் கூட்டம் வேண்டும். அங்கே மனிதனை இறக்குவதே கூடாது என்பதுதான் என் நிலை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அப்படி ஓர் உயிர் போனால் தரவேண்டிய இழப்பீட்டை 30 லட்ச ரூபாய் ஆக்கியது.

பெர்மிட்டுக்கு வருகிறேன். நம் ஆலைகளில் பெர்மிட் பெரும்பாலும் ஆங்கிலத்தில். அதை எழுதுபவர் கண்ட்ரோல் ரூமில். வாங்குபவர் காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர். ஸ்பேனர் பிடிப்பவர் ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ போன வாரம் வந்த இளைஞர், அல்லது தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த நம் பிள்ளை. அந்தக் காகிதத்தில் அவர் படிக்கக்கூடியது எதுவும் இல்லை. அவருடைய உயிரைப் பற்றி எழுதிய காகிதம் அவருக்கு விளங்காத மொழியில் இருப்பது அநியாயம். பெர்மிட்டை மேசையில் வைத்துக் கையெழுத்துப் போடக் கூடாது. ஃபிளாஞ்சின் அடியில், கொடுப்பவரும் வாங்குபவரும் திறப்பவரும் மூவரும் நின்று, திறப்பவரின் மொழியில் வாய்விட்டுச் சொல்லிப் போட வேண்டும். கொடுப்பவர் அந்த ஃபிளாஞ்சில் தன் கையால் ஒரு டேக் கட்ட வேண்டும். டேக் இல்லாத ஃபிளாஞ்ச் திறக்கப்படாது. பிளைண்டின் வாலைக் காட்டி, "இதோ பார், இந்த நம்பர்" என்று சொல்ல வேண்டும். டிரெயினைத் திறந்து காட்ட வேண்டும். பிரேக்கரில் தொங்கும் பூட்டைக் காட்ட வேண்டும். டீர் பார்க்கில் ஸ்பேனர் பட வேண்டிய ஃபிளாஞ்சும் பட்ட ஃபிளாஞ்சும் சில அடி தூரத்தில்தான் இருந்தன. அங்கே கட்டிய ஒரு டேக்குக்கு எத்தனை மதிப்பு என்று எண்ணிப் பாருங்கள்.

"இதற்கெல்லாம் நேரம் எங்கே?" என்று மேலாளர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். கால் மணி நேரம் ஆகும். ஷட்டவுன் அட்டவணை போடும்போதே அந்தக் கால் மணியை ஒவ்வொரு ஜாபுக்கும் எழுதிவையுங்கள். அட்டவணையில் இல்லாத நேரத்தைத் தொழிலாளி தன் தைரியத்தால் உண்டாக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். "எனக்குக் காட்டுங்க, அப்புறம் கழட்டறேன்" என்று சொல்லும் காண்ட்ராக்ட் தொழிலாளியை மறுநாள் கேட்டில் நிறுத்தினால், அந்த ஆலையில் அதன்பிறகு யாரும் கேட்க மாட்டார்கள். ஆகவே தொழிற்சங்கத் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த ஒப்பந்தப் பேச்சில், காட்டச் சொல்லிக் கேட்டதற்காக நிரந்தரத் தொழிலாளி, காண்ட்ராக்ட் தொழிலாளி எவரையும் வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது என்ற வரியை எழுத்தில் வாங்குங்கள். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு உங்கள் சங்கத்தில் சந்தா இருக்கிறதா என்று பார்க்காதீர்கள்.

கடைசியாக மாணவர்களுக்கு. நீங்கள் நாளை குழாய்களின் வரைபடம் போடுவீர்கள். பராமரிப்பின்போது லைனைத் துண்டிக்க முடியுமா, முடியாதா என்பது அந்த வரைபடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. நச்சு வாயு லைனில் இரண்டு வால்வு வைத்து, அவற்றின் நடுவே ஒரு வடிகால் வைத்தால், முதல் வால்வு கசிந்தாலும் கசிவு பாதுகாப்பான இடத்துக்குப் போகும், வேலை செய்பவர் மேல் வராது. எட்டு என்ற எண்ணின் வடிவத்தில் ஒரு பிளைண்டு உண்டு. ஸ்பெக்டக்கிள் பிளைண்டு என்பார்கள். ஒரு வட்டம் ஓட்டை, ஒரு வட்டம் கெட்டி. எது வெளியே தெரிகிறதோ அதற்கு எதிரானது உள்ளே இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட இருபது அடி தூரத்திலிருந்து பார்த்து லைன் மூடியிருக்கிறதா என்று சொல்லிவிடலாம். அதை வைக்க ஃபிளாஞ்சுகளுக்கு நடுவே இடம் வேண்டும், அதைத் திருப்ப ஆள் நிற்க மேடை வேண்டும். ஆலை கட்டி முடித்த பிறகு அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. பக்கத்தில் வேறு குழாய் வந்திருக்கும், மேடைக்குப் பதில் சாரம் கட்டச் சொல்வார்கள். வரைபடத்தில் அதைச் சேர்க்கும்போது செலவுக் கணக்குப் பார்ப்பவர் அடித்துவிடச் சொல்வார். அடிக்க விடாதீர்கள். எந்த ஜாபுக்கு எந்தத் தகடு, எந்தப் பூட்டு, எங்கே நிற்பது என்று பராமரிப்புப் பிரிவின் மூத்த ஃபிட்டர் ஒருவரை அழைத்து உட்காரவைத்து, அவரிடம் கேட்டுக் கேட்டு வரையுங்கள்.